காற்று மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்குவது எப்படி? டென்மார்க்கில் எண்ணெயை விட்டு வருவோருக்கு

மேற்கு யூலாந்தில், எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றபடி பதினொரு காற்றாலைகளை எண்ணலாம். அவை வேகமாகச் சுழலும் ஜனவரி இரவுகளில், மின்சாரம் வாங்க ஆளில்லாமல் விலை தரையில் கிடக்கும். அதே இரவுகளில் நான் நிலவறையில் இறங்கி, எண்ணெய்த் தாங்கியில் எவ்வளவு மிச்சம் என்று குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டுக்கு 2,100 லீற்றர் போனது. அதற்குக் கடைசியாகக் கொடுத்த பணம் கிட்டத்தட்ட 29,000 குரோனர்.

எண்ணெயை விட்டுக் காற்று மின்சாரத்துக்கு மாற எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. ஒழுங்காகச் செய்திருந்தால் ஐந்து மாதத்தில் முடிந்திருக்கும். கையொப்பத்தை அவசரப்பட்டு வைத்தேன், ஒரு பதிவேட்டை மறந்தேன், பிறகு மிச்சம் பிடிக்கிறேன் என்று இயந்திரத்தை அணைத்து அணைத்துப் போட்டேன். இந்த மூன்றுக்கும் சேர்த்து நான் கட்டிய தண்டத்தை நீங்கள் கட்ட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

சொந்த வீடு வைத்திருந்து, அதை எண்ணெயிலோ எரிவாயுவிலோ சூடாக்குகிறவர்களுக்கான குறிப்பு இது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு எட்டாம், ஒன்பதாம் படிகளில் சில விடயங்கள் உதவலாம்.

1. முற்றத்தில் காற்றாலை நடும் ஆசையை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

எல்லோருக்கும் வரும் ஆசைதான். எனக்கும் வந்தது, இரண்டு மாதம் அதிலேயே போனது. வீட்டுக் காற்றாலை என்ற வகைக்கு இங்கே தனி விதிகள் இருக்கின்றன. உயரம் 25 மீற்றருக்குள் இருக்க வேண்டும். நாட்டுப்புறத்தில், இருக்கும் கட்டடங்களை ஒட்டியே நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் காற்றாலைக்கும் இடையே அதன் உயரத்தின் நான்கு மடங்கு தூரம் வேண்டும். 25 மீற்றர் உயரமென்றால் நூறு மீற்றர். நகரசபையின் அனுமதியும், ஒலி அளவு குறித்த ஆவணங்களும் வேண்டும்.

நகர எல்லைக்குள் இருப்பவர்கள் இந்தப் பத்தியோடு ஆசையை மூடிவிடலாம். கூரையில் பொருத்தும் சிறு காற்றாலைகளை விற்பவர்கள் வந்தால் கதவைச் சாத்துங்கள். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு. கூரை மட்டத்தில் மரங்களும் பக்கத்து வீடுகளும் காற்றைக் குலைத்துவிட்ட பிறகு, அங்கே சுழல்வது பெரும்பாலும் உங்கள் பணம்.

உங்களுக்குத் தேவையான காற்றாலையை வேறு யாரோ ஏற்கெனவே நட்டுவிட்டார்கள். டென்மார்க்கின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்து வருகிறது. அது கம்பியில் மலிவாக ஓடும் நேரத்தில் வாங்கி, வெப்பமாக வீட்டுக்குள் வைத்துக்கொள்வதுதான் நாம் செய்யவேண்டியது. அதற்கான கருவி வெப்பப் பம்பு. டேனியர் 'வாமெபும்பெ' என்பார்கள். ஓர் அலகு (ஒரு கிலோவாட் மணி) மின்சாரத்தை வாங்கி, வெளிக்காற்றின் வெப்பத்தையும் சேர்த்து, மூன்று அலகு அளவுக்கு வீட்டுக்குள் தள்ளும்.

2. மாவட்ட வெந்நீர்க் குழாய் உங்கள் தெருவுக்கு வருகிறதா என்று கேளுங்கள்

இங்குள்ள பல ஊர்களில் பொது நிலையத்தில் நீரைச் சூடாக்கிக் குழாய் வழியாக வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். 'பியர்ன்வாமெ' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் குழாய் உங்கள் தெருவில் இருந்தால், அல்லது இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வரப்போகிறதென்றால், வெப்பப் பம்பு வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். அந்த நிலையங்கள் சிலவற்றில் இப்போது காற்று மின்சாரத்தாலும் நீரைச் சூடாக்குகிறார்கள். எஸ்பியர் நகரில் கடல்நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் 70 மெகாவாட் பம்பு ஒன்று, நின்றுபோன பழைய நிலக்கரி நிலையத்துக்குப் பதிலாக, ஏறத்தாழ 25,000 வீடுகளுக்கு வெப்பம் கொடுக்கிறது. அங்கே இருப்பவர் ஒன்றுமே செய்யாமல் காற்றில் குளிர்காய்கிறார்.

நகரசபையின் இணையத்தளத்தில் வெப்பத் திட்ட வரைபடம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, எழுத்திலும் ஒரு கேள்வி அனுப்புங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். 'உங்கள் பகுதிக்கு அடுத்த ஆண்டு வரும்' என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி எட்டு மாதம் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். எழுத்தில் கேட்டபோது 'திட்டம் இல்லை' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலைச் சேமித்து வையுங்கள், ஐந்தாம் படியில் தேவைப்படும்.

3. பழைய கொதிகலனை வைத்தே வீட்டைச் சோதித்துப் பாருங்கள்

செலவில்லாத படி இதுதான். ஆனால் யாரும் செய்வதில்லை. குளிர்காலத்தில் மட்டுமே செய்ய முடியும் என்பதால், வாங்கும் திட்டம் இருந்தால் ஜனவரியிலோ பெப்ரவரியிலோ செய்துவிடுங்கள்.

எண்ணெய்க் கொதிகலன் 70 பாகை நீரை ரேடியேற்றருக்கு அனுப்பும். வெப்பப் பம்புக்கு அந்தச் சூடு பிடிக்காது. நீர் எவ்வளவு மிதமான சூட்டில் போகிறதோ அவ்வளவுக்கு அது குறைவாகக் குடிக்கும். எனவே வெளியே உறைநிலை அளவில் இருக்கும் ஒரு வாரத்தில், கொதிகலனின் நீரை 50 பாகைக்கு இறக்கிவிடுங்கள். ரேடியேற்றர்களின் திருகுகளை எல்லாம் முழுதாகத் திறந்து வையுங்கள். மூன்று நாள் பாருங்கள்.

வீடு 20, 21 பாகையில் நின்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எங்கள் வீட்டில் இரண்டு அறைகள் மட்டும் 17 பாகைக்கு இறங்கின. அந்த இரண்டு அறைகளுக்குப் பெரிய ரேடியேற்றர் மாற்ற 9,000 குரோனர் ஆனது. சோதிக்காமல் விட்டிருந்தால், அந்த இரண்டு அறைகளுக்காக வீடு முழுவதற்கும் 60 பாகை நீர் அனுப்பி, ஒவ்வொரு மாதமும் தண்டம் கட்டியிருப்பேன்.

இரண்டாவது சோதனை, வீடு வெப்பத்தை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறது என்பது. இரவு பத்து மணிக்குச் சூடேற்றலை நிறுத்திவிட்டு, காலை ஆறு மணிக்கு வெப்பமானியைப் பாருங்கள். ஒன்றரைப் பாகைக்குள் இறங்கியிருந்தால், விலை கூடிய நான்கு மணிநேரத்தை வீடு எளிதாகத் தாண்டிவிடும். நான்கு பாகை இறங்கினால் முதலில் மேற்கூரையின் காப்புப் பஞ்சையும் யன்னல் விளிம்புகளையும் கவனியுங்கள். ஒரு முரணையும் இங்கே மனதில் வைக்க வேண்டும். காற்று பலமாக வீசும் இரவில் மின்சாரம் மலிவுதான். ஆனால் அதே காற்று ஓட்டை யன்னல் வழியாக உங்கள் வெப்பத்தை இழுத்துக்கொண்டும் போகும். கதவுக்கும் யன்னலுக்கும் ஒட்டும் இறப்பர் பட்டைக்கு எனக்கு 600 குரோனர் ஆனது. இந்த வேலை முழுவதிலும் மிக விரைவாகத் திரும்பி வந்த பணம் அதுதான்.

4. மூன்று விலைக்குறிப்புகள் வாங்குங்கள், அளவைக் கேள்வி கேளுங்கள்

அரசின் எரிசக்தி முகமையின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களிடம் மட்டும் கேளுங்கள். அந்த அங்கீகாரத்தை இங்கே 'வீ-ஈ' என்று சொல்வார்கள். வருபவர் வீட்டின் பரப்பை மட்டும் கேட்டுவிட்டு விலை சொன்னால் அவரை விட்டுவிடுங்கள். வெப்ப இழப்பைக் கணக்கிட்டுத் தாளில் தர வேண்டும். டென்மார்க்கில் அந்தக் கணக்கு வெளியே மறை 12 பாகைக்குப் போடப்படும். உங்கள் பழைய எண்ணெய் ரசீதுகளையும் காட்டுங்கள். ஒரு லீற்றர் எண்ணெயில் ஏறத்தாழ பத்து அலகு வெப்பம் இருக்கிறது. கொதிகலன் வீணாக்குவதைக் கழித்தால் எட்டரை என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் 2,100 லீற்றருக்கு அது 17,850 அலகு. பம்பு ஆண்டுச் சராசரியாக ஓர் அலகு மின்சாரத்துக்கு 3.2 அலகு வெப்பம் தந்தால், வாங்க வேண்டியது சுமார் 5,600 அலகு மின்சாரம்.

தேவைக்கு மிஞ்சிய பெரிய பம்பு நல்லதல்ல. மிதமான நாட்களில் அது ஓடி நின்று, ஓடி நின்று தேயும். எனக்கு வந்த மூன்று விலைக்குறிப்புகளில் ஒன்று, மற்ற இரண்டும் சொன்னதைவிட ஏறத்தாழ இரு மடங்கு பெரிய இயந்திரத்துக்கு. 'குளிர் நாட்டில் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம்.

விலைக்குறிப்பில் இவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்: பம்பின் மாதிரிப் பெயர், வெந்நீர்த் தாங்கியின் கொள்ளளவு, மின்வேலை, பழைய கொதிகலனை அகற்றுவது, வெளி அலகுக்கான (பம்பின் வெளியே நிற்கும் பெட்டிக்கான) அடித்தளம், 25 வீத விற்பனை வரி. மின்வேலை சேர்க்கப்படாத விலைக்குறிப்பு எப்போதும் மலிவாகத்தான் தெரியும். 'எஸ்-ஜி ரெடி' என்ற வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வெளியிலிருந்து வரும் சைகையைக் கேட்டு, மலிவு நேரத்தில் கூடுதலாகச் சூடேற்றவும் விலை கூடிய நேரத்தில் அடங்கவும் இயந்திரத்துக்கு அந்த இணைப்பு வேண்டும்.

எனக்கு முடிந்த விலை: பம்பும் பொருத்துவதும் 124,000 குரோனர், மின்வேலை 6,500.

5. கையொப்பத்துக்கு முன்னால் மானிய விண்ணப்பம்

இந்தப் படியில்தான் நான் விழுந்தேன். எரிசக்தி முகமை வெப்பப் பம்புக்கு மானியம் தரும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. பணம் இருக்கும்போது திறக்கும், தீர்ந்ததும் மூடும். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்வதற்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது அதன் முதல் நிபந்தனை. நான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, 'இந்த வாரத்துக்குள் என்றால் ஐயாயிரம் கழிவு' என்ற சொல்லுக்கு மயங்கிக் கையொப்பமிட்டேன். திங்கட்கிழமை விண்ணப்பத்தைத் திறந்தபோது, ஏற்கெனவே ஒப்பந்தம் செய்தாயிற்றா என்ற கேள்வி அங்கே காத்திருந்தது. பொய் எழுத மனம் வரவில்லை. எழுதியிருந்தாலும் ஒப்பந்தத் திகதி காட்டிக்கொடுத்திருக்கும். ஐயாயிரம் கழிவுக்காக ஐந்திலக்கத் தொகை போனது.

விண்ணப்பத்துக்கு முன் கையில் வைத்திருக்க வேண்டியவை:

மிட்-ஐடி, அதாவது இணையத்தில் உங்கள் அடையாளம். வீடு இருவர் பெயரில் இருந்தால் இருவரும் அருகில் இருங்கள்.

பம்பின் சரியான மாதிரிப் பெயர். முகமையின் பட்டியலில் அது இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து வேறுபட்டால் வேறு இயந்திரம்.

வீட்டின் பரப்பும் இப்போதைய சூடேற்றும் முறையும், கட்டடப் பதிவேடான பி.பி.ஆரில் உள்ளபடி. அங்கே பிழையிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். முந்தைய உரிமையாளர் பதிவு செய்யாமல் கட்டிய அறை என்றால், அந்தத் தலைவலி தனி.

மாவட்ட வெந்நீர் பற்றி நகரசபை தந்த எழுத்துப் பதில்.

ஆண்டு முழுவதும் வசிக்கும் வீட்டுக்குத்தான் மானியம், கோடை வீட்டுக்கு இல்லை. பதில் டிஜிட்டல் தபாலில் வரும். அதற்குள் காலக்கெடு எழுதியிருக்கும். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்காதவர்கள் நம்மிடையே நிறைய. உங்கள் பெற்றோரின் வீடு என்றால் நீங்களே வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

6. பொருத்தும் நாட்கள்

வேலை இரண்டு அல்லது மூன்று நாள். மே, ஜூன் மாதங்களுக்குக் கேட்டால் ஆட்கள் கிடைப்பார்கள். ஒக்டோபரில் முதல் குளிர் அடித்ததும் ஊரே தொலைபேசியை எடுக்கும்.

வெளி அலகு வைக்கும் இடத்தை நீங்களே முன்கூட்டித் தீர்மானியுங்கள். இல்லாவிட்டால் குழாய் எங்கே குறுகியதோ அங்கே வைத்துவிடுவார்கள். மூன்று விடயங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் அயலவரின் எல்லையில் ஒலி 35 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்பது விதி. எனவே அவரது படுக்கையறை யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், வைப்பதற்கு முன் அவரோடு ஒரு கோப்பி குடியுங்கள். அடுத்து, மேற்குக் காற்று நேராக வந்து முகத்தில் அறையும்படி விசிறியைத் திருப்பி வைக்கக்கூடாது. காற்றை நம்பி வாங்கும் இயந்திரத்தைக் காற்றிலிருந்து காப்பாற்ற வேண்டியிருப்பது வேடிக்கைதான். கடைசியாக நீர். உறைநிலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஈரமான டேனிஷ் குளிரில் வெளி அலகில் பனி படிந்துகொண்டே இருக்கும். இயந்திரம் அதை உருக்கி வழியவிடும். அந்த நீர் நடைபாதையில் ஓடினால் காலையில் கண்ணாடித் தரை. கீழே சல்லி நிரப்பிய குழி வேண்டும். கடற்கரையோரம் வீடு என்றால், உப்புக் காற்றைத் தாங்கும் பூச்சு உள்ளதா என்றும் கேளுங்கள்.

7. அன்றே பி.பி.ஆரில் பதிவு செய்யுங்கள்

நான் மறந்த பதிவேடு இதுதான். வீடு எதனால் சூடாகிறது என்பதை பி.பி.ஆரில் மாற்றுவது உரிமையாளரின் கடமை. பொருத்த வந்தவர் செய்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் நான் செய்வேன் என்று நினைத்தார்.

ஏன் முக்கியம் என்றால், மின்சாரத்தில் சூடாகும் வீடு என்று பதிவாகியிருந்தால், ஆண்டுக்கு 4,000 அலகுக்கு மேற்பட்ட பயன்பாட்டுக்கு மின்சார வரி பெயரளவுக்குத்தான்: அலகுக்கு 0.8 ஓரே (நூறு ஓரே ஒரு குரோனர்). பதிவு இல்லாதவருக்கு முழு வரி. 2025இல் அது விற்பனை வரியோடு சேர்த்து அலகுக்கு 90 ஓரே அளவில் இருந்தது. எங்கள் வீட்டின் மொத்தப் பயன்பாடு ஆண்டுக்கு 9,000 அலகைத் தாண்டும். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரு முழுக் குளிர்காலம் அப்படிக் கட்டினேன்.

2026, 2027 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு இந்த வரி எல்லோருக்குமே அடிமட்டத்துக்கு இறக்கப்பட்டிருக்கிறது. 'அப்படியென்றால் பதிவு எதற்கு?' என்று சிலர் இப்போதே கேட்கிறார்கள். அந்த இரண்டு ஆண்டும் முடிந்ததும் பதிவில்லாத வீட்டுக்கு என் கதைதான். மிட்-ஐடியோடு பத்து நிமிட வேலை. முடித்ததும் திரையைப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த மின்பட்டியலில் குறைந்த வரி தனி வரியாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

8. மின்சார ஒப்பந்தத்தை மாற்றுங்கள்

நிலையான விலை ஒப்பந்தத்தில் இருந்தால், காற்று எவ்வளவு வீசினாலும் உங்களுக்கு ஒரே விலைதான். நேரத்துக்கு நேரம் மாறும் சந்தை விலைக்கு மாற வேண்டும். எல்பிரிஸ் என்ற அரசு ஒப்பீட்டுத் தளத்தில் நிறுவனங்களை ஒப்பிடலாம்.

நிறுவனங்களுக்கிடையே வேறுபாடு இரண்டு இடத்தில்தான்: மாதச் சந்தா, அலகுக்கு அவர்கள் சேர்க்கும் கூடுதல் ஓரே. 'சந்தா இல்லை' என்று பெரிதாக எழுதுபவர் கூடுதல் ஓரேயில் பிடிப்பார். வெப்பப் பம்பு வைத்திருப்பவர் நிறைய அலகு வாங்குபவர் என்பதால், சந்தா கொஞ்சம் இருந்தாலும் கூடுதல் ஓரே குறைந்த ஒப்பந்தமே நமக்குப் பொருந்தும். மனம் மாறினால் இணையத்தில் செய்த ஒப்பந்தத்தைப் பதினான்கு நாட்களுக்குள் திரும்பப் பெறலாம்.

சந்தை விலை முழு விலை அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் உள்ளூர்க் கம்பிக் கட்டணம், நாட்டின் பெரிய மின்கம்பிகளை நடத்தும் எனர்கினெட்டின் கட்டணம், மின்சார வரி, எல்லாவற்றின் மேலும் 25 வீத விற்பனை வரி. புயல் இரவில் சந்தை விலை சுழியத்துக்குக் கீழே போனதாகச் செய்தி வந்தாலும் உங்கள் பட்டியலில் ஏதோ ஒரு தொகை இருக்கத்தான் செய்யும்.

கம்பிக் கட்டணத்தின் நேரங்களை மனப்பாடம் செய்யுங்கள். நள்ளிரவு முதல் காலை ஆறு வரை மிகக் குறைவு. மாலை ஐந்து முதல் ஒன்பது வரை மிகக் கூட, ஒக்டோபர் முதல் மார்ச் வரை அது இரவு விலையின் பல மடங்கு. மற்ற நேரங்கள் நடுத்தரம். காற்று வீசினாலும் வீசாவிட்டாலும் மாலை நான்கு மணிநேரம் விலை கூடியதுதான்.

9. காற்றைப் பார்த்து ஓட்டுவது

இனி அன்றாட வேலை. மறுநாளுக்கான விலைகள் ஒவ்வொரு நாளும் பிற்பகல் ஒரு மணியளவில் வெளியாகும். 2025 ஒக்டோபர் முதல் கால் மணிநேரத்துக்கு ஒரு விலை. யூலாந்திலும் ஃபூனிலும் இருப்பவர்கள் டி.கே.1, கொப்பன்ஹேகன் பக்கம் இருப்பவர்கள் டி.கே.2 என்ற விலை வலயத்தைப் பார்க்க வேண்டும். முதல் மாதம் நான் பக்கத்து வலயத்தின் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசிச் செயலியில் ஒருமுறை சரியாகத் தெரிவு செய்துவிட்டால் போதும்.

நமக்குச் சாதகமான விடயம் ஒன்று உண்டு. இங்கே பலமான காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, அத்லாந்திக் பக்கமிருந்து வருகிறது. அது வரும்போது வெளியே ஐந்து, ஏழு பாகை இருக்கும். மின்சாரமும் மலிவு, வெளிக்காற்றில் வெப்பமும் கூட என்பதால் பம்பும் சுலபமாக ஓடும். பாதகம் இதன் மறுபக்கம். உண்மையான கடுங்குளிர் வானம் தெளிந்து காற்று அடங்கிய நாட்களில் வரும். அப்போது விலையும் ஏறும், பம்பும் திணறும். 2024 டிசம்பர் 12 மாலையில் காற்றில்லாத வட ஐரோப்பாவில் சந்தை விலை மெகாவாட் மணிக்கு 900 யூரோவைத் தாண்டியது. அன்று மாலை எங்கள் வீட்டில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார்கள். வாழ்நாளில் தின்ற விலை கூடிய இடியப்பம் அதுதான். இப்படிப்பட்ட நாட்களுக்காக வரவேற்பறையில் விறகு அடுப்பை வைத்திருக்கிறோம். ஒரு குளிர்காலத்தில் அதைப் பத்துப் பன்னிரண்டு மாலைகள்தான் மூட்டுவோம்.

வெப்பத்தை எங்கே சேமிப்பது? பெரிய மின்கலம் எதுவும் வேண்டாம், தரை போதும். பத்துச் சென்ரிமீற்றர் தடித்த கொங்கிறீற்றுத் தரை நூறு சதுர மீற்றர் இருந்தால், அதை ஒரு பாகை சூடேற்றினாலே ஏறத்தாழ ஆறு அலகு வெப்பம் உள்ளே போகும். இரண்டு பாகை என்றால் பன்னிரண்டு அலகு. தரைக்குள் சூட்டுக் குழாய் இருப்பவர்கள் இரவு முழுவதும் ஏற்றிவிட்டு மாலைவரை சும்மா இருக்கலாம். எங்களைப்போல் ரேடியேற்றர் வீடு என்றால் உட்சுவரின் செங்கல் கொஞ்சம் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். சூடான நீரைச் சேர்த்துவைக்கும் 300 லீற்றர் இடைத்தாங்கி வைத்தால் பெரிதாகச் சேமிக்கலாம் என்று விற்பனையாளர் சொல்வார். பத்துப் பாகைக்கு அதில் அடங்குவது மூன்றரை அலகு. நான் வைக்கவில்லை.

இப்போது நான் செய்த பெரிய தவறு. மாலை ஐந்து மணிக்குப் பம்பை முற்றாக அணைத்து, ஒன்பது மணிக்குப் போட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். ஒன்பது மணிக்கு வீடு குளிர்ந்திருக்கும், இயந்திரம் அவசரப்படும், உள்ளே இருக்கும் மின்சூடேற்றிக் கோலைத் தானே எரியவிடும். அந்தக் கோல் ஓர் அலகுக்கு ஓர் அலகு வெப்பம்தான் தரும். பம்பு மூன்று தரும் இடத்தில் ஒன்று. ஒரு மாதம் கழித்து மின்பயன்பாட்டைக் காட்டும் எல்-ஓவர்பிளிக் தளத்தில் எங்கள் மணிக்கணக்கைப் பார்த்தபோது, ஒவ்வோர் இரவும் ஒன்பது மணிக்கு ஒரு கோபுரம் எழுந்திருந்தது.

அதன்பின் நான் பின்பற்றும் முறை இது. மலிவான காற்று இரவில் வீட்டின் இலக்கை ஒன்றரைப் பாகை ஏற்றுவேன். சாதாரண நாளில் எதையும் தொடுவதில்லை. மாலை ஐந்து முதல் ஒன்பது வரை ஒரு பாகை இறக்குவேன், அணைப்பதில்லை. மின்சூடேற்றிக் கோலை வெளியே மறை பத்துப் பாகைக்குக் கீழ் போனால் மட்டுமே எரியும்படி பூட்டி வைத்திருக்கிறேன். உங்கள் இயந்திரத்தில் அந்த அமைப்பு எங்கே என்று பொருத்துபவரிடம் அன்றே காட்டச் சொல்லுங்கள். அவர் போனபின் கையேட்டில் தேடினால் ஓர் இரவு போகும்.

குளிக்கும் நீருக்கு வேறு கணக்கு. எங்கள் 180 லீற்றர் தாங்கியை 15 பாகையிலிருந்து 55 பாகைக்கு ஏற்ற எட்டரை அலகு வெப்பம் வேண்டும். அதை அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் நேரம் குறித்துவிட்டால் பிறகு நினைக்கவே வேண்டியதில்லை. மிச்சம் பிடிக்கிறேன் என்று 45 பாகையில் நிறுத்தி வைக்காதீர்கள். மிதமான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும். வாரம் ஒருமுறை 60 பாகைக்குத் தானே ஏறும்படி வைத்துவிடுங்கள், அதையும் ஒரு காற்று இரவில்.

ரேடியேற்றர் திருகுகளை அறைக்கு அறை மூடித் திறக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எண்ணெய்க் காலத்தில் அது சேமிப்பு. பம்புக்கு அது மூச்சுத்திணறல். எல்லாவற்றையும் திறந்துவைத்து, நீரின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஒவ்வொரு பாகை இறக்கத்துக்கும் இரண்டு, இரண்டரை வீதம் மின்சாரம் குறையும். ரேடியேற்றரைத் தொட்டால் சுடவில்லையே என்று அம்மா கவலைப்படுவார். அறையின் வெப்பமானியைக் காட்டுங்கள்.

என் இரண்டாவது குளிர்காலக் கணக்கு: சூடேற்றலுக்கு 5,600 அலகுக்குச் சற்றுக் கீழ், எல்லாக் கட்டணமும் வரியும் சேர்த்து 9,700 குரோனர். முதல் குளிர்காலத்தில் அதே வீடு, அதே பம்பு, கிட்டத்தட்ட இரு மடங்கு.

10. எண்ணெய்த் தாங்கியை மறந்துவிடாதீர்கள்

பம்பு ஓடத் தொடங்கியதும் எல்லோரும் மறப்பது இதைத்தான். பயன்பாட்டிலிருந்து எடுத்த எண்ணெய்த் தாங்கியை வெறுமையாக்கி, குழாய்களை நீக்கி, இனி யாரும் நிரப்ப முடியாதபடி செய்ய வேண்டும். அதை நான்கு வாரத்துக்குள் நகரசபைக்கு அறிவிக்கவும் வேண்டும். வெறுமையாக்கியவர் தரும் ரசீது முக்கிய ஆவணம், வீட்டை விற்கும் நாளில் கேட்பார்கள். நிலத்துக்கு அடியில் தாங்கி இருந்தால் செலவு கூடும். எங்களுடையது நிலவறையில் நின்றது, வெட்டி எடுத்துப்போக 7,000 குரோனர்.

மிச்ச எண்ணெயைக் கடைசி மாதத்திலேயே எரித்துத் தீர்க்கப் பாருங்கள். என் தாங்கியில் 400 லீற்றர் கிடந்தது. அதை வாங்க ஆள் தேடி மூன்று வாரம் போனது. கடைசியில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு முதியவர், இன்னமும் எண்ணெயில் இருப்பவர், பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். அவர் வீட்டு முற்றத்தில் நின்றால் பன்னிரண்டு காற்றாலை தெரிகிறது.